கூழ்ப் பானையடியில் வைத்த கையெழுத்து

கரம்பைத்துறை மக்கள் ஒன்றியம்
ரொறன்ரோ
02.08.2024

திருமதி அருள்மலர் அவர்களுக்கு,

அம்மையீர்,

கடந்த யூலை 21 ஞாயிற்றுக்கிழமை, எமது கோடைகால ஒன்றுகூடலின்போது ஒலிவாங்கியில் தலைவரையும் நிர்வாக சபையினரையும் அவமதித்துப் பேசியமைக்காக, தங்களை இரண்டு ஆண்டுகளுக்கு உறுப்புரிமையிலிருந்து விலக்கி வைப்பதென அன்றைய பொதுக்கூட்டத்தில் வாக்களித்த எழுபத்துநான்கு உறுப்பினர்களாலும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இக்காலப் பகுதியில் சமையற் குழு உட்பட ஒன்றியத்தின் எந்நிகழ்விலும் தாங்கள் பங்குபற்ற இயலாது என்பதை அறியத் தருகிறேன்.

இங்ஙனம்,
ச. அருள்நாயகம்
செயலாளர்


மல்வேர்ன்
08.08.2024

தம்பி நாயகம்,

நான் நலமில்லை. உன் நலத்தை அறிகிற ஆவலும் எனக்கு இல்லை.

அம்மையீர் என்று எழுதியிருக்கிறாய். ஐம்பது வருடமாக அக்கா என்று கூப்பிட்ட வாய்க்கு அம்மையீர் எங்கேயிருந்து வந்தது? தபாலை உடைத்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்தேன். அடியில் உன் பெயர் கிடந்தது.

வட்ஸப்பில் பதினாறு முறை பேசி அனுப்பினேன். பதினேழாவது போகவில்லை. நீ என்னை மறித்துவிட்டாய் என்று என் மகள் நிரோஷினி சொன்னாள். தபால்காரனை மறிக்க உன்னால் முடியாது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் செயலாளர் திருத்திக்கொள்ளவும்.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? ஒன்பது வருடமாக அதே அல்பேட் அண்ணை தலைவர், அதே நீ செயலாளர். "இவை கதிரையிலை இருக்கேல்லை, கதிரைதான் இவையைப் பிடிச்சு வைச்சிருக்கு. ஆராவது ரெண்டு பேர் வந்து இழுத்து எடுத்துவிடுங்கோ" என்றேன். அடுத்த முறை பெட்டி வைத்து வாக்குப் போடுவோம் என்றும் கேட்டேன். சனம் சிரித்தது. அல்பேட் அண்ணையின் மனைவிதான் எல்லாரிலும் கூடச் சிரித்தா. அவவையும் விலக்கினீர்களா?

பதினெட்டு வருடம் அந்தப் பூங்காவில் மீனும் நண்டும் போட்டுக் கூழ் காய்ச்சியவள் நான். பாண் சுடுகிற தொழிற்சாலையில் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு நிற்கும்போது என்னை யார் என்று யாருக்கும் தெரியாது. பத்து வருடமாக மேற்பார்வையாளன் என்னை மேரி என்றுதான் கூப்பிடுகிறான், நானும் திரும்பிப் பார்க்கிறேன். வருடத்தில் ஒரு நாள், அந்தப் பானையடியில்தான் நான் மலர் அக்கா. அதைப் பிடுங்கிவிட்டாய்.

ஏகமனதாக என்கிறாய். கூழ் கொதிக்கிற நேரம் பார்த்துத்தான் வருடா வருடம் பொதுக்கூட்டம் வைப்பீர்கள். கையெடுத்தால் அடிப்பிடித்துவிடும் என்று நாங்கள் பதினொரு பெண்களும் பானையை விட்டு அசையவில்லை. வழக்கம்போல மீன் கையைத் துடைத்துவிட்டு, நீ காலையில் கொண்டு வந்து நீட்டிய காகிதத் துண்டுகளில் கையெழுத்து வைத்துத் தந்தோம். சந்திரவதனாவைப் பிடித்துக் கேட்டேன். "நீயும் எனக்கு எதிராக் கை உயர்த்தினியோடி?"

"நான் எங்கை போனனான் மலர் அக்கா? நண்டு உடைச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்" என்கிறாள்.

அப்படியென்றால் அந்த எழுபத்துநான்கு பேர் யார்? பதில் போடு. அக்கா என்று தொடங்கு.

அருள்மலர்


வெக்ஸ்போர்ட்
15.08.2024

அக்கா,

கேட்டபடி தொடங்கிவிட்டேன்.

கூட்டத்தில் இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். மற்றவர்கள் கயிறிழுத்தல் பார்க்கப் போய்விட்டார்கள். மிகுதி ஐம்பத்திரண்டும் வாக்குத் துண்டுகள். வர முடியாத முதியவர்களும், சமையலில் நின்றவர்களும் தந்தவை. ஒவ்வொன்றிலும் உறுப்பினரின் சொந்தக் கையெழுத்து இருக்கிறது. நான் எதையும் போலியாகச் செய்யவில்லை. ஒன்றியத்தின் சட்ட யாப்பு இதை அனுமதிக்கிறது. பதினெட்டு வருடமாக ஒருவரும் குறை சொன்னதில்லை, நீங்கள் உட்பட.

கதிரைக் கதையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அன்று மைக்கில் இன்னொன்றும் சொன்னீர்கள். எனக்குப் பதினான்கு வயதில், சென்றிக் காவலரணில் ஆமிக்காரன் மறித்தபோது காற்சட்டையை நனைத்த கதை. முப்பத்தாறு வருடமாக அதைச் சொல்கிறீர்கள். கலியாண வீட்டில், பிறந்தநாளில், ஒருமுறை செத்த வீட்டில்கூட. இந்த முறை முன்வரிசையில், என் மகன் மிதுனனுக்குப் பேசியிருக்கிற பெண்ணும் பிக்கரிங்கிலிருந்து வந்த எங்கள் சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள். முதல் முறையாக எங்கள் சனத்தைப் பார்க்க வந்தவர்கள். சம்பந்தியம்மா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. சாப்பிடும்போது அவவின் மனுசன் என்னிடம், "பயப்படாதேங்கோ, இங்கை சென்றி இல்லை" என்றார்.

எனக்கு ஐம்பது வயது. இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

நாயகம்


ஏதென்ஸ்
04.09.2024

நாயகம்,

கிரேக்க நாட்டிலிருந்து எழுதுகிறேன். நிரோஷினி போன மாசியிலேயே எடுத்து வைத்த ரிக்கற். சண்டைக்காகக் கடலைப் பார்க்காமல் இருக்க நான் என்ன ஒன்றியத்தின் செயலாளரா?

இங்கே ஒரு குன்றுக்குக் கூட்டிப் போனாள். பெயர் பினிக்ஸ். சொன்னால் தும்மல் வருகிற மாதிரி இருக்கிறது. பெரிய கோயில் இல்லை, சிலை இல்லை, வெயிலும் பாறையும்தான். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டேன். "அம்மா, உலகத்திலை முதல் முதலாச் சனம் கூடி வாக்குப் போட்ட இடங்களிலை இது ஒண்டு" என்றாள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தியாம். பாறையில் வெட்டிய மேடை ஒன்று இருக்கிறது, கிட்டப் போகாதபடி கயிறு கட்டியிருக்கிறார்கள். கூட்டம் தொடங்கும்போது ஒரு ஆள் எழுந்து, யார் பேச விரும்புகிறீர்கள் என்று சத்தமாகக் கேட்பானாம். யார் என்றாலும் வந்து பேசலாமாம். எங்கள் கூட்டம் மாதிரித் தலைவரின் மச்சான் மட்டும் என்று இல்லையாம்.

நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, "நான் பேசப் போறன்" என்றேன். நாலைந்து சீனாக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். நிரோஷினி எங்களைக் கூட்டி வந்த கிரேக்கப் பெட்டையிடம் சொல்ல, அவள் சிரித்துவிட்டு, அந்தக் காலத்தில் பெண்களுக்கு இங்கே இடமே இல்லை என்றாள். பெண்கள் எங்கே நின்றார்கள் என்று கேட்கச் சொன்னேன். வீட்டில் அடுப்படியில் என்றாள். நல்லது. அங்கேயும் யாரோ ஒருத்தி கையெடுத்தால் அடிப்பிடித்துவிடும் என்று கிண்டிக்கொண்டு நின்றிருப்பாள்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் நடந்தேன். பிறகு கீழே இறங்கி அகோரா என்ற பழைய சந்தைத் திடலுக்குப் போனோம். அங்கே நீளமான தூண் மண்டபத்தில் கண்காட்சி. கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த சட்டி ஓடுகள், எல்லாவற்றிலும் கீறல் எழுத்து. ஊருக்கு ஆகாத ஆள் என்று நினைத்தால் அவன் பெயரை ஓட்டில் கீறிப் போடுவார்களாம். ஆறாயிரம் ஓடு சேர்ந்த பிறகு யாருடைய பெயர் கூட இருக்கிறதோ, அவன் பத்து வருடத்துக்கு ஊரைவிட்டுப் போக வேண்டும். "பத்தா? எனக்கு ரெண்டுதான், அல்பேட் அண்ணை பரவாயில்லை" என்றேன்.

அப்போதுதான் அந்தப் பெட்டை ஒரு பெட்டியைக் காட்டினாள். ஒரே கிணற்றுக்குள்ளே கிடந்து எடுத்த ஓடுகளாம். நூற்றுத் தொண்ணூறு ஓடு, எல்லாவற்றிலும் ஒரே ஆளின் பெயர். எழுதிய கையை ஆராய்ந்து பார்த்தால் பதினாலு பேரின் கைதான். யாரோ வீட்டில் இருந்து எழுதி, கூடையில் வைத்துக்கொண்டு, வருகிற சனத்துக்குக் கொடுக்க ஆயத்தம் செய்திருக்கிறார்கள்.

நாயகம், நான் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். காவலாளி வந்து தள்ளி நிற்கச் சொல்லுகிற வரைக்கும் நின்றேன்.

நீ நீட்டிய துண்டில் எங்கள் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அது காலை பதினொரு மணி. நான் மைக்கில் பேசியதும் என்னை விலக்குகிற கதை வந்ததும் பன்னிரண்டுக்குப் பிறகு. "நீங்கள் சைன் வையுங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறன்" என்று ஒன்பது வருடமாகச் சொல்கிறாய், ஒன்பது வருடமாக நாங்களும் வைக்கிறோம். பதினொரு பெண்களின் துண்டையும் நீதான் நிரப்பினாய்.

ஏகமனதாக என்றால் ஒருவரும் மிச்சமில்லை. அந்தப் பதினொன்றில் ஒன்று என்னுடையது. என்னை வெளியே போடுவதற்கு என் வாக்கையே எடுத்து எழுதினாயே. கிரேக்கக்காரன்கூட அந்த ஆளிடமே போய் அவனுக்கு எதிரான ஓட்டுக்குக் கையெழுத்துக் கேட்டிருக்க மாட்டான்.

நிரோஷினி பயந்துபோய்த் தண்ணீர் வாங்கி வந்தாள். இரண்டு போத்தல் குடித்தேன். கோபம் அடங்கவில்லை. இப்போது தங்குமிடத்து மேல்மாடத்தில் இருந்து எழுதுகிறேன், பேனை தாளைக் கிழிக்கிறது.

சென்றிக் கதைக்குக் கோபம் என்கிறாய். சிரிக்கத் தெரியாத பிறவி. அந்தக் கதையில் நீதானே வீரன். உன் காற்சட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எங்களைப் போக விட்டார்கள், நீ பெய்த மூத்திரம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று பெருமையாகத்தானே சொல்கிறேன். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே.

திரும்பக் கூட்டம் போடு. சனத்துக்கு முன்னால் எழுந்து நின்று, துண்டுகளை நிரப்பியது நான் என்று சொல். இல்லையென்றால் நான் உனக்கு அம்மையீர்தான், சாகும் வரைக்கும்.

அருள்மலர்


வெக்ஸ்போர்ட்
20.09.2024

அக்கா,

ஏதென்ஸ் கடிதம் நேற்றுத்தான் வந்தது. மனைவியிடம் காட்டவில்லை.

நிரப்பியது நான்தான். சமையற் குழுவின் பதினொரு துண்டுகளையும் முதியவர்களின் துண்டுகளையும். அவர்கள் தொலைபேசியில், "நீயே பார்த்து எழுதிப் போடு தம்பி" என்பார்கள். ஒன்பது வருடமாக நான் பார்த்து எழுதியிருக்கிறேன். எப்போதும் நிர்வாகம் கேட்டதையே எழுதினேன். யாரும் கேள்வி கேட்காத ஒன்றைச் செய்துகொண்டே வந்தால், அது பிழை என்பது மறந்துபோகிறது. அல்பேட் அண்ணை தீர்மானத்தைச் சொன்னபோது நான் மறுத்திருக்கலாம். அவருக்குக் கதிரைக் கதைதான் கோபம். எனக்கு வேறு கோபம் இருந்தது. உங்கள் துண்டு கடைசியாக வந்தது. உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டு எழுதினேன்.

முடிச்சுப் போடாதே என்கிறீர்கள். அந்த முடிச்சு எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். அன்று சென்றியில் ஆமிக்காரன் துவக்கை என் நெஞ்சில் வைத்திருந்தான். பாதத்தில் சூடாக வழிந்தது. அவன் சிரித்தான், மற்றவன் சிரித்தான். நான் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். நீங்களும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் கதையில் அது மட்டும் வராது. முப்பத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட அதை நீங்கள் சொன்னதில்லை.

அக்கா பயத்தில் சிரித்தாள் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் மருமகளாக வரப்போகிறவளின் முன்னால் சிரிக்கும்போது உங்களுக்கு என்ன பயம்?

நானாகக் கூட்டம் கூட்டினால் அல்பேட் அண்ணை விடமாட்டார். இருபது உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் செயலாளர் கூட்டியே ஆக வேண்டும் என்று யாப்பின் ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. இதை உங்களுக்கு எழுதியதற்காக என்னையும் விலக்கலாம்.

நாயகம்


மல்வேர்ன்
27.09.2024

நாயகம்,

இத்தோடு இருபத்துமூன்று பேரின் கையெழுத்து இருக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் தாளை முழுதாக வாசித்துக் காட்டித்தான் வாங்கினேன். பேருந்தில் வைத்து ஒருத்தியிடம் வாங்கும்போது அவள் இறங்க வேண்டிய தரிப்பிடம் போய்விட்டது. "கெதியா சைன் வைக்கிறன், விடுங்கோ அக்கா" என்றாள். விடவில்லை. வாசித்து முடிக்கும்வரை இருக்க வைத்தேன். என்னைத் திட்டிக்கொண்டு மூன்று தரிப்பிடம் திரும்பி நடந்து போனாள்.

சந்திரவதனா எல்லாவற்றையும் கேட்டாள். பேனையை வாங்கி, தாள் அமுங்கக் கையெழுத்து வைத்தாள். கூட்டத்துக்கு அவள் வருவாள். மற்ற ஒன்பது பேரும் வருவார்கள். அன்றைக்கு ஒருத்தியும் சமைக்கப் போவதில்லை. பசித்தால் அல்பேட் அண்ணை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரட்டும்.

நான் உள்ளே வரக்கூடாது என்று எனக்குத் தெரியும். நிரோஷினியின் காரில் வெளியே இருப்பேன்.

சிரித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். பல முறை வாசித்தேன். கூட்டத்தைக் கூட்டு.

அருள்மலர்


வெக்ஸ்போர்ட்
21.10.2024

அக்கா,

நேற்று நடந்ததை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் நானே எழுத வேண்டும்.

மண்டபத்துக்கு நூற்றொரு பேர் வந்தார்கள். இவ்வளவு பேர் கூட்டத்துக்கு வந்ததை நான் கண்டதில்லை. நான் எழுந்து, துண்டுகளை நிரப்பியது நான் என்றேன். எத்தனை வருடமாக என்றும் சொன்னேன். அல்பேட் அண்ணை, "நீர் ஆரின்ரை ஆள் நாயகம்? இவ்வளவு நாளும் எங்களோடை இருந்துபோட்டு" என்று மேசையில் அடித்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர், சைன் வைத்தவர்களுக்குப் புத்தி எங்கே போனது என்று கேட்டார். சந்திரவதனா எழுந்தா. "ஓம், எங்களுக்குப் புத்தி இல்லைத்தான். சைனைக் குடுத்தனாங்கள். நினைப்பைக் குடுக்கேல்லை" என்றா.

பழைய தீர்மானம் செல்லாது என்று முடிவாயிற்று. அல்பேட் அண்ணை விடவில்லை. இப்போதே, இந்த மண்டபத்திலேயே, கைகளை உயர்த்தி மறுபடி வாக்கெடுப்போம் என்றார். அதை மறுக்க யாருக்கும் வழியில்லை. எண்ணும் வேலை செயலாளருடையது. வரிசை வரிசையாக நடந்து எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன். விலக்க ஐம்பது. வேண்டாம் என்று ஐம்பது.

"எண்ணினவர் இன்னும் போடேல்லை" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்திரவதனா சிரித்துக்கொண்டு பையை எடுத்து எழும்பிவிட்டா, உங்களைக் கூட்டிவர.

நான் விலக்குவதற்குக் கை உயர்த்தினேன்.

துண்டை நிரப்பியது களவு. அதை ஒப்புக்கொண்டுவிட்டேன், செயலாளர் பதவியையும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆனால் உங்கள்மீது எனக்கு இருந்த கோபம் களவு இல்லை. அது என்னுடையது. ஒன்பது வருடத்தில் அடுத்தவர் சொல்லாமல் நான் போட்ட முதல் வாக்கு இதுதான். குற்றவுணர்வில் கையை மாற்றி உயர்த்தியிருந்தால், அது இன்னொரு பொய்த் துண்டாக இருந்திருக்கும்.

வெளியே வந்தபோது கார் போய்விட்டிருந்தது.

நாயகம்


மல்வேர்ன்
26.10.2024

நாயகம்,

நீ எழுத முந்தியே சந்திரவதனா வந்து கார்க் கண்ணாடியில் தட்டிச் சொல்லிவிட்டாள். காரை எடு என்றேன். நிரோஷினி, நெஞ்சு நோகிறதா, ஆஸ்பத்திரிக்குத் திருப்பவா என்று மூன்று முறை கேட்டாள். வீட்டுக்குள் வந்து உன்னைத் திட்டத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு யமேக்கா நாட்டு அம்மா கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனா. இன்றைக்கு ஆறாம் நாள். இன்னும் முடியவில்லை.

முந்தி எழுபத்துநான்கு பேர் என்றபோது எனக்கு வசதியாக இருந்தது. எல்லாரும் கள்ளர் என்று சொல்லிக்கொண்டு திரியலாம். இப்போது ஐம்பத்தொரு பேர் மண்டபத்தில் இருந்து, என்னை நினைத்துப் பார்த்து, கையை உயர்த்தியிருக்கிறார்கள். யாரைத் திட்டுவது? என் கூழைப் பதினெட்டு வருடம் குடித்த சனத்தில் ஐம்பத்தொரு பேருக்கு என்னைப் பிடிக்கவில்லை. இன்னும் யார் யாரைப் பற்றி மைக்கில் என்னென்ன சொன்னேன் என்று படுக்கையில் கிடந்து எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன், இது நாலாவது.

அன்றைக்கு நான் பயத்தில்தான் சிரித்தேன். அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நீ திரும்பிப் பார்த்ததைக் கண்டேன். கண்டுவிட்டும் நிறுத்தவில்லை. பிறகு அதை எல்லாருக்கும் பகிடியாகச் சொல்லத் தொடங்கினேன். உலகம் முழுதும் சேர்ந்து சிரித்துவிட்டால் நான் சிரித்தது ஒரு குற்றமாக இருக்காது என்று நினைத்திருக்கிறேன் போல. முப்பத்தாறு வருடம் உன் செலவில் சிரிக்க வைத்தேன். இனி அந்தக் கதை என் வாயிலிருந்து வராது.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. ஐம்பதுக்கு ஐம்பதில் நின்ற அக்காவை வெளியே தள்ளியவன் நீ. பொய்யாகத் தள்ளியதைவிட நிசமாகத் தள்ளியது கூட நோகிறது. உன்னை இந்த இரண்டு வருடத்துக்குள் நான் மன்னித்தால் என் பெயர் மேரி.

உன் சம்பந்தி வீட்டாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடு. என்னையும் கூப்பிடு. நான் வந்து மூலைக் கதிரையில் இருந்து, சோறு போட்டால் சாப்பிட்டு, கேட்டதற்கு மட்டும் ஓம், இல்லை என்று சொல்லிவிட்டு, கைகழுவி எழும்புவேன். ஒரு பகிடி விடமாட்டேன். அதுதான் உனக்கு நான் போட்டிருக்கிற தண்டனை. அந்த மேசையில் அக்கா பேசாமல் இருப்பதை நீ எவ்வளவு நேரம் தாங்குகிறாய் என்று நான் பார்க்க வேண்டும்.

அக்கா